‘இடமில்லை’ என்று சொல்லச் சொன்னார்கள்: ஒரு சேப்பல் வருஷத்தை வாசித்தல்

தலித் இலக்கியத்தில் கிறிஸ்தவம் என்று பேச்செடுத்தால் நம் விமர்சகர்கள் உடனே சுவரைத் தேடிப் போகிறார்கள். வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் சாதி வாரியாக ஆளைப் பிரித்து வைத்திருந்து 1910இல் இடிக்கப்பட்ட சுவர். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிணத்தையும் பிரித்து வைத்த சுவர். இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டும், சொல்லிக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் சுவரே இல்லாத கோயிலில் சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் நம்மவர்களிடம் பதில் இல்லை. சுவர் இருந்தால் கட்டுரை எழுதலாம், இடிக்கப் போகலாம். சுவர் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

நான் படித்த பள்ளிக்கூடத்துச் சேப்பலில் சுவர் கிடையாது. பெஞ்சுகூடக் கிடையாது. சிமெண்டுத் தரையில் பாய் விரித்து எல்லாரும் சமமாகத்தான் உட்கார்ந்தோம். திருப்பூர்ப் பக்கத்து மிஷன் பள்ளி, அதோடு ஒட்டிய பெண்கள் ஹாஸ்டல். பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் அந்த ஒரு பள்ளியின் குற்றமாக இது சுருங்கிப் போகும். 2002 ஜூன் முதல் 2003 ஏப்ரல் வரை, ஒன்பதாம் வகுப்பு. அந்த ஒரு வருஷத்து வழிபாட்டை ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கிறேன். கூடவே நம் எழுத்தில் சேப்பல் எப்படி வந்திருக்கிறது என்பதையும் பார்க்கிறேன். எம்.ஏ. தமிழில் தேம்பாவணி படித்தேன், இரட்சணிய யாத்திரிகம் படித்தேன். கிறிஸ்தவத் தமிழ் என்றால் அங்கே வீரமாமுனிவரும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையும்தான். ஹாஸ்டல் சேப்பலில் குந்தியிருந்த சக்கிலிப் பிள்ளைக்கு அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு வரி இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் படித்தவர்களில் கவுண்டர் வீட்டுப் பிள்ளைகளும் செட்டியார் வீட்டுப் பிள்ளைகளும் நிறைய. காலைப் பிரேயருக்கு எல்லாரும் கை கட்டி நிற்பார்கள். சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். புதன்கிழமை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் சேப்பல் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மட்டும். ஹாஸ்டல் பிள்ளைகளில் பெரும்பாலோர் எங்க ஆட்கள். ஊர்க்காரர்கள் ‘சக்கிலி வளவு’ என்பார்கள், ரேஷன் கார்டில் அருந்ததியர் காலனி. ஆக, பள்ளிக்கூடம் எல்லாருக்கும், சாமி எங்களுக்கு. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. யார் வீட்டுக்குப் போகமுடியும், யாருக்குப் போனால் சோறில்லை என்கிற கணக்கிலேயே அது தானாக நடந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது திருச்சபைக் காலண்டரில் பெரிய திருநாள் எதுவும் இருக்காது. ஈஸ்டர் போயிருக்கும், பெந்தெகொஸ்தே போயிருக்கும். திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் இத்தனாவது ஞாயிறு என்று எண்ணிக்கொண்டே நவம்பர் கடைசிவரை போக வேண்டும். அந்த நீளமான, சுவாரஸ்யமில்லாத மாதங்களில்தான் நான் தமிழ் கற்றேன். எங்க வீட்டில் தெலுங்கு. பாட்டியை அவ்வா என்போம். ஊருக்குள் போனால் கொங்குத் தமிழ், அதிலும் எங்களுக்கென்று விதிக்கப்பட்ட சொற்கள்: பண்ணாடி, சாமி, ஏனுங்க சாமி. சேப்பலில் மூன்றாவதாக ஒரு பாஷை: தேவரீர், கிருபை, ஸ்தோத்திரம். இந்த மூன்றாவது பாஷையில் என்னைப் புத்தக மேடைக்கு ஏற்றி வேதப்பாடம் வாசிக்கச் சொன்னார்கள். ஒரு சக்கிலிச்சி நின்று வாசிக்க, வாத்தியார்களும் அவர்கள் பெண்டாட்டிகளும் தலை குனிந்து கேட்டார்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எங்க அவ்வா சொன்னதை ஊரில் ஒருத்தனும் தலை குனிந்து கேட்டதில்லை.

ஆனால் அந்தப் பாஷைக்குள்ளேயே கண்ணி இருந்தது. ‘ஊழியம்’ என்கிற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சேப்பலில் அது புனிதச் சொல். போதகர் ஊழியம் செய்கிறார், அக்காமார் ஊழியம் செய்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. அங்கே மிஷனரிகள் கேட்டு வாங்கிக் கொடுத்த சலுகைகளில் ஒன்று, மதம் மாறியவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்குப் போக வேண்டாம் என்பது. ஞாயிறு என்பது நமக்கு அப்படி வந்த ஒரு நாள், பிடுங்கி வாங்கிய லீவு. அந்த ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்துகொண்டு ‘ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுக்கிறேன்’ என்று நாங்கள் ஜெபித்தோம். ஜெபம் முடிந்ததும் சேப்பலைக் கூட்டி, பாயைச் சுருட்டி, வாத்தியார் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தோம். அதற்கும் ஊழியம் என்றுதான் பெயர்.

‘அடிமை’ என்கிற சொல்லும் அப்படித்தான். தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர் மறைமாவட்டத்துக்கு 1950இல் முதல் பேராயராக வந்தவர் ஏ.ஜே. அப்பாசாமி. கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இலேயே ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியவர். சைவ, வைணவ அடியார்களின் அனுபவத்தை வைத்து யேசுவைப் புரிந்துகொள்ளலாம் என்பது அவர் வழி. படித்த மனிதர், வெள்ளைக்காரச் சாமியைத் தமிழாக்கப் பார்த்தார் என்பதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எந்தத் தமிழ்? வெள்ளாளச் சைவக் குடும்பத்திலிருந்து வந்தவருக்கு ‘நான் உன் அடிமை’ என்பது உருவகம். வீட்டில் அடிமையாக இல்லாதவன்தான் சாமி முன்னால் அடிமை என்று உருகி நிற்க முடியும். எங்க அவ்வா பண்ணையத்தில் இருந்தவள். அவளுக்கு அது உருவகம் கிடையாது, வேலை. அவள் மறைமாவட்டத்துக் கோயிலில் போய் அதே சொல்லைத் திரும்பச் சொன்னபோது என்ன கிடைத்திருக்கும்? பண்ணாடி மாறியிருக்கிறார், அவ்வளவுதான் என்று தோன்றியிருக்காதா? நம் விமர்சகர்கள் பக்தி இலக்கியத்தைக் கட்டுடைத்தார்கள். கிறிஸ்தவப் பக்தித் தமிழை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஆகஸ்டு மாதம். 10ஆம் தேதி சனிக்கிழமை. எங்கள் சேப்பலில் அன்று ஒன்றும் நடக்கவில்லை. 1950 ஆகஸ்டு 10இல் போடப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துவாக இல்லாதவன் பட்டியல் சாதியாக மாட்டான் என்று சொன்னது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவனுக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தலித் கிறிஸ்தவர்கள் அந்த நாளைக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். எங்கள் சேப்பல் காலண்டரில் லெந்து உண்டு, அட்வெந்து உண்டு, ஆகஸ்டு 10 இல்லை.

ஆனால் அந்தப் பத்தி எங்க வீட்டில் இருந்தது. என் பள்ளி ரிஜிஸ்தரில் ‘இந்து’ என்று எழுதிப் பக்கத்தில் சாதிப் பெயர். ஹாஸ்டலில் எனக்கு ஒரு பைபிள் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். ஒரே வளாகத்துக்குள் இரண்டு பெயர், நடுவில் ஒரு கொய்யா மரம். ஞானஸ்நானம் என்று பேச்சு வந்தபோது அம்மா ஹாஸ்டலுக்கு வந்து, அக்காவிடம் தலையைச் சொறிந்துகொண்டு, ‘சாமி கும்புடட்டுங்கக்கா, வேணாங்கல. எழுத்துல மட்டும் வேணாங்க. சர்ட்டிபிகேட்டு போயிருமுங்க’ என்றாள். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாவுக்கு 1950 ஆணை தெரிந்திருந்தது.

சூசை என்கிற மனிதரின் வழக்கு நம் ஆட்கள் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டியது. சென்னையில் தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவர் ஆனவர். தெருவோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கும் அரசுத் திட்டம் வந்தது. பட்டியல் சாதி இந்துவாக இருந்தால்தான் உண்டு என்றார்கள். உச்ச நீதிமன்றம்வரை போனார், 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். கோணி விரித்து வெயிலில் உட்கார்ந்து பிறத்தியான் செருப்பை மடியில் வைத்திருக்கிறவன் இன்னும் என்ன நிரூபிக்க வேண்டும்?

அந்த வருஷம் அக்டோபரில் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு விஷயம். சாதாரணமாக ஒருவரை மாற்றினால் மூன்று வருஷம்வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய்வரை அபராதம். மாற்றப்பட்டவர் மைனராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்தால் நான்கு வருஷம், ஒரு லட்சம். சின்னப் பிள்ளை, பொம்பளை, பறையன், சக்கிலி, இவர்களுக்குச் சொந்த புத்தி கிடையாது என்று சட்டமே எழுதி வைத்தது. நான் மூன்று கணக்கிலும் வருகிறவள். ஹாஸ்டலில் சில வாரம் ராத்திரி ஜெபத்தைச் சத்தமில்லாமல் நடத்தச் சொன்னார்கள். 2004இல் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு பக்கம் அரசு ‘உனக்கு மாறத் தெரியாது’ என்றது. இன்னொரு பக்கம் 1950 ஆணை ‘மாறினால் உனக்கு ஒன்றும் கிடையாது’ என்றது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் எங்கள் சேப்பல் இருந்தது. அதைப் பற்றிச் சேப்பலில் ஒரு பிரசங்கம்கூட இல்லை.

அதற்கு முன்னாடி செப்டம்பரில் அறுப்பின் பண்டிகை. வயலில் விளைந்ததைக் கொண்டுவந்து படைக்க வேண்டும், பிறகு ஏலம். பூசணிக்காய், வாழைத்தார், தேங்காய், கோழி என்று வாத்தியார் வீட்டிலிருந்தும் நிலம் உள்ள சபையார் வீட்டிலிருந்தும் வந்து குவியும். எங்களுக்கு ஏது நிலம்? அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினாள். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைவரை ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். ஷிப்மெண்ட் அவசரம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. பண்டிகைக்கென்று கம்பெனியில் கெஞ்சி வாங்கி, செகண்ட்ஸ் பனியன் இரண்டு கொடுத்துவிட்டாள். ஒன்றில் கழுத்துப் பட்டியில் தையல் விட்டிருந்தது. அதை அவளே கையால் தைத்திருந்தாள். நான் கொண்டுபோய் பூசணிக்காய் மேல் வைத்தேன். பொறுப்பாக இருந்த அக்கா, ‘இது அறுப்பு இல்லம்மா, அறுப்புன்னா மண்ணுல விளைஞ்சது’ என்று எடுத்து ஓரமாக வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். ஏலத்தில் கடைசிவரை அந்தப் பனியனைக் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் சேப்பல் ஜன்னல் துடைக்கிற துணியாக அதைப் பார்த்தேன். நான்தான் துடைத்தேன்.

இதில் அந்த அக்காவைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் கையில் இருந்த வழிபாட்டு முறை விவசாயச் சமூகத்துக்கு எழுதப்பட்டது. அதுவும் நிலம் உள்ளவனுக்கு எழுதப்பட்டது. திருப்பூரில் மழையும் கம்மி, மண்ணும் கம்மி. நூல்தான் விளைச்சல். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் இந்த ஊரில் பனியன் தொழிலாளர்கள் ஸ்டிரைக் நடத்தினார்கள். சாயத்தண்ணி ஓடி நொய்யல் செத்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இந்த மண்ணின் பாடு இது. இதில் எதையும் படைக்க எங்கள் சேப்பலில் இடமில்லை. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’யில் சாயம் வருகிறது, எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல்கடிகை’யில் கம்பெனி வாழ்க்கை வருகிறது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் பண்ணையத்தில் ஆடு மேய்க்கிற எங்க பிள்ளைகள் வருகிறார்கள். மூன்றும் முக்கியமான நாவல்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துப் பைபிளோடு நிற்கிற மாதாரிப் பெண் இந்த மூன்று பேர் கண்ணிலும் மையமாகப் படவில்லை. அது அவர்கள் வேலையில்லை, நம் வேலை.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடகம். மரியாளாக ஒரு வாத்தியார் மகள், சிவப்பாக இருப்பாள். தேவதூதர்களும் அந்த நிறம்தான். எங்களில் கொஞ்சம் பேர் மேய்ப்பர்கள், கொஞ்சம் பேர் ஆடு. எனக்குக் குரல் பெரிசு என்று சத்திரக்காரன் வேஷம் கொடுத்தார்கள். கதவைத் திறந்து ‘இடமில்லை’ என்று சொல்ல வேண்டும். ஒரே வசனம். நான் ரொம்ப ஆசையாகச் சொன்னேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கதவுக்கு உள்பக்கம் நின்று, வெளியில் நிற்கிறவர்களைப் பார்த்து ‘இடமில்லை’ என்று சொன்னேன். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து அழுதாள். மகள் நடிப்பைப் பார்த்து என்று நினைத்தேன். ‘நம்ம புள்ள வாயில அதையா சொல்ல வெப்பாங்க?’ என்று அப்புறம் சொன்னாள்.

பின்னாளில் லூக்கா சுவிசேஷத்தை எடுத்துப் பார்த்தபோது ஆச்சரியப்பட்டேன். அதில் சத்திரக்காரன் என்று ஒருவனே கிடையாது. சத்திரத்தில் இடமில்லாமல் போச்சு, அவ்வளவுதான் இருக்கிறது. இல்லையென்று சொன்னவன் யார் என்று இல்லை. நாடகம் போடுகிறவர்கள்தான் ஒரு ஆளை உண்டாக்கி, அந்தப் பழியைச் சுமக்க ஒரு பிள்ளையைப் பிடிக்கிறார்கள். சுவரில்லாத சேப்பலில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்டேனே, இங்கேதான் இருக்கிறது. யாரும் இடமில்லை என்று சொல்வதில்லை, இடம் மட்டும் இல்லாமல் போகிறது. யார் கூட்டுவது, யார் வாசிப்பது, யார் சிவப்பு, எது அறுப்பு என்கிற முறைப்பட்டியலில் அது தங்கியிருக்கிறது.

இனி ‘கருக்கு’க்கு வருகிறேன். 1992இல் வந்த பாமாவின் இந்தப் புத்தகத்தைப் பற்றி நம்மிடம் எவ்வளவோ கட்டுரைகள் இருக்கின்றன. கொச்சை மொழியைச் சொன்னார்கள், சுயசரிதையா நாவலா என்று சண்டை போட்டார்கள், மடத்தை விட்டு வெளியேறியதைக் கலகம் என்றார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. கருக்கின் வடிவமே கோயிலுக்குள்ளிருந்து வந்தது. கத்தோலிக்கப் பிள்ளைக்குச் சின்ன வயசிலேயே பாவசங்கீர்த்தனம் பழக்குகிறார்கள். தன்னைத் தானே சோதித்து, ஒன்று விடாமல் நினைவுபடுத்தி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் புரோட்டஸ்டண்ட் பக்கம் அதற்கு மாற்றாகச் சாட்சி சொல்லுதல். எழுந்து நின்று, நான் இப்படி இருந்தேன், ஆண்டவர் இப்படி மாற்றினார், ஸ்தோத்திரம் என்று முடிக்க வேண்டும். இரண்டிலும் சொல்கிறவர்தான் பாவி.

பாமா அந்த ஞாபகப் பயிற்சியை அப்படியே எடுத்துக்கொண்டார், திசையைத் திருப்பிவிட்டார். தான் செய்த பாவத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் தன்மேலும் தன் தெருவின்மேலும் செய்யப்பட்ட பாவத்தைச் சொன்னார். பாவமன்னிப்பு கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. சாட்சிக் கூட்டத்தில் எதிர்பார்க்கிற ‘ஸ்தோத்திரம்’ கடைசியில் வரவில்லை. வெளியே வந்து நிற்கிற ஒரு மனுஷியின் திகைப்போடு புத்தகம் நின்றுபோகிறது. அழகியல் குறை என்று சிலர் சொன்ன அந்த முடிவுதான் கருக்கின் பெரிய சாதனை என்பேன். நம் இதழ்களில் வருகிற சாட்சியங்களுக்கெல்லாம் இலக்கணம் அங்கேதான் உண்டானது. கோயில் சொல்லிக்கொடுத்த பேச்சைக் கோயிலைப் பார்த்தே பேசியது.

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் எழுதிய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002இல், நான் சேப்பலில் உட்கார்ந்திருந்த அதே வருஷம் வந்தது. எனக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. தங்கை அழுத இடத்தில் அண்ணன் சிரிக்கிறார். தன்னையே கிண்டல் பண்ணிக்கொள்கிற அந்தச் சிரிப்புக்குத் தமிழில் இணை இல்லை. நாவலின் கடைசியில் சிலுவை வேலைக்காக இந்துவாகிறான். அந்த இடத்தைப் படித்துவிட்டு நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிலுவைக்கு மாற ஒரு நாள் கிடைத்தது, அதை அவன் கூத்தாக்கிக் காட்ட முடிந்தது. என் மாதிரிப் பிள்ளைகளுக்கு மாறுவதென்று ஒரு நாளே வந்ததில்லை. நாங்கள் சேப்பலில் யேசு பிள்ளை, ரிஜிஸ்தரில் இந்து, ஊரில் சக்கிலி. ஒரே நாளில் மூன்று தடவை மாறினோம். அவருடைய நாவல் ஒரு ஆம்பளையின் சரித்திரம். பெயர் சொல்லிச் சரித்திரம் எழுத அவனுக்கு ஒரு பெயராவது நிலையாக இருந்தது. 2024 நவம்பரில் அவர் காலமானபோது இதை அவரிடம் நேரில் சொல்லிச் சண்டை போடாமல் விட்டேனே என்று இருந்தது. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

மார்ச் முதல் வாரம் சாம்பல் புதன், லெந்து தொடங்கியது. திடப்படுத்தல் வகுப்பும் தொடங்கியது. பேராயர் வந்து தலையில் கைவைத்தால்தான் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடைக்கும். என் பாய்க்குப் பக்கத்துப் பாயில் படுக்கிறவள் பேர் கொடுத்தாள். அவள் வீட்டில் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள். சர்ட்டிபிகேட்டில் ஏற்கெனவே பி.சி. நான் பேர் கொடுக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாரும் முன்னே போய் முழங்கால் போடும்போது நான் பின்னால் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை அவள் திரும்பி வந்து, ‘ஒண்ணுமில்லடி, சும்மா சப்புன்னுதான் இருக்கு’ என்று என் காதில் சொன்னாள். எனக்காகச் சொன்ன பொய் அது.

இதை ஒளிக்காமல் எழுத வேண்டும். நான் எம்.ஏ. படித்ததற்கு அந்த அப்பத்தை வாங்காததும் ஒரு காரணம். எஸ்.சி. சர்ட்டிபிகேட் இருந்தது, சீட் கிடைத்தது. 2009இல் அருந்ததியருக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குள் 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது தெருவில் வெடி போட்டவர்களில் நானும் ஒருத்தி. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்றபோதும் சந்தோஷப்பட்டேன். இரண்டு தடவையும் அந்தப் பாய்க்காரி ஞாபகம் வந்தது. அதே சாதி, அதே வளவு மாதிரி ஒரு வளவு. அவளுக்கு அந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்கு. போதகர் தண்ணீர்க் கிண்ணத்தோடு குனிந்து பன்னிரண்டு பேர் காலைக் கழுவினார். நானும் பாய்க்காரியும் அந்தப் பன்னிரண்டில் இருந்தோம். தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம். எங்க தாத்தா செருப்புத் தைத்தவர். ஊர்க் கால் அத்தனைக்கும் அளவு தெரியும். ஊர்த் தெருவில் அவர் செருப்புப் போட்டு நடந்ததில்லை. தாழ்மை எங்களுக்குப் பாடமாக நடத்த வேண்டிய சங்கதியா? ஆனால் போதகர் விரல் என் பாதத்தில் பட்டபோது எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அந்த நடுக்கத்தை இன்றைக்கு எந்தக் கோட்பாட்டை வைத்தும் என்னால் கட்டுடைக்க முடியவில்லை. ஊர் முழுக்கத் தொடாத காலை ஒருத்தர் தொட்டார். வருஷத்தில் ஒரு நாள். மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாள் அந்தச் சேப்பலைக் கூட்டினது நாங்கள். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிற எழுத்து எனக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவுவைப் பேசாமல் போக முடியாது. 2005இல் காலமானார். வெள்ளைக்காரன் மெட்டுப் பாமாலையும் கர்நாடக மெட்டுக் கீர்த்தனையும் மேல்சாதிச் சங்கீதம், ஏழைக்குக் கிராமிய இசைதான் விடுதலை என்று சொல்லி, வழிபாட்டு முறையையே நாட்டுப்புற மெட்டில் எழுதினார். ‘ஒரு உலை’ என்றார். எல்லார் அரிசியும் ஒரே பானையில் கொதிக்கட்டும், சேர்ந்து தின்னுங்கள், அதுதான் திருவிருந்து என்றார். நம் காலத்தில் தமிழில் நடந்த பெரிய பண்பாட்டு வேலைகளில் ஒன்று அது. என் ஹாஸ்டல் சேப்பலுக்கு அது வந்து சேரவில்லை. வந்திருந்தால் அறுப்பு மேசையில் அந்தப் பனியனுக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கும்.

அவரோடு எனக்கொரு வழக்கும் உண்டு. கிராமிய இசையைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தால் தப்பட்டையும் கூடவே வரும். எங்க மாமன் தப்பட்டைக்காரர். கவுண்டர் வீட்டு எழவுக்கு ராத்திரி பகலாக அடித்துவிட்டு, முறத்தில் போட்ட நெல்லை வாங்கி வருவார். சாயப்பட்டறை வேலைக்குப் போன அன்றைக்குத் தப்பட்டையைக் கழற்றி அடுப்பில் வைத்தார். அவருக்கு அதுதான் விடுதலை. அவர் மகளைச் சேப்பலில் நிறுத்தி, ‘இது உன் கலை, அடி’ என்றால் அவர் என்ன சொல்வார்? பறையை மீட்பதா, போடுவதா என்று நம் இயக்கங்களுக்குள் முப்பது வருஷமாக நடக்கிற சண்டைதான் இது. அடிக்கிறவர் தாமாக எடுத்தால் அது இசை, இன்னொருத்தர் எடுத்துக் கையில் கொடுத்தால் அது பழைய வேலை. கிராமிய வழிபாடு இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு ஊரிலும் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 20. விடியற்காலை ஆராதனையில் பாய்க்காரி வேதப்பாடம் வாசித்தாள். கல்லறைக்குப் போன பெண்கள் வந்து சொன்னதை ஆம்பளைச் சீஷர்கள் வீண்பேச்சு என்று நம்பாமல் விட்ட பகுதி. நன்றாக வாசித்தாள். ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. வீட்டில் கடன். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டார்கள், முடித்தால் மொத்தமாகப் பணம். சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பேர். அவள் நின்றது கடனால், சர்ட்டிபிகேட்டால் அல்ல. சர்ட்டிபிகேட்டால் நடந்தது நான் மேலே போனது மட்டும்தான்.

சில வருஷம் கழித்து அவளைப் பார்த்தேன். மில் எப்படி இருந்தது என்று கேட்டேன். ‘சேப்பல் மாதிரியேதான் இருந்துச்சு. மணி அடிப்பாங்க, எந்திரிக்கணும். மணி அடிப்பாங்க, திங்கணும். வார்டன் அக்கா அதே மாதிரி. ஆனா ஒண்ணு, அங்க யாரும் என்னைய வாசிக்கச் சொல்லல’ என்றாள். இதைவிடக் கறாரான சேப்பல் விமர்சனத்தை நான் எங்கேயும் படித்ததில்லை. சேப்பல் எங்களை எதற்குப் பழக்கியது, எதை எங்களுக்குக் கொடுத்தது என்கிற இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. கீழ்ப்படிய மில்லுக்கும் தேவைப்பட்டது, சேப்பலும் பழக்கியது. வாசிக்க வேறு எங்கேயும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு சில விஷயங்கள் நடந்திருக்கின்றன. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. நவம்பர் இரண்டாம் ஞாயிறைத் தலித் விடுதலை ஞாயிறு என்று சபைகள் அனுசரிக்கத் தொடங்கின. 2016இல் கத்தோலிக்க ஆயர்கள் தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. சூசை தோற்று நாற்பது வருஷம் ஆகிவிட்டது. கோரிக்கை மனுவில் நாம் இருக்கிறோம், இலக்கியத்தில்தான் இல்லை.

கருக்கும் சிலுவைராஜும் தெற்கத்திக் கத்தோலிக்கப் பறையர் வாழ்க்கை. கொங்குப் பக்கத்து அருந்ததியர் சேப்பல் இன்னும் எழுதப்படவில்லை. 1830இல் லண்டன் மிஷன் கோயம்புத்தூருக்கு வந்தது. அதற்கப்புறம் எத்தனை ஹாஸ்டல், எத்தனை பாய், எத்தனை பிள்ளைகள். கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிறவர்களிலும் செக்கிங் பார்க்கிறவர்களிலும் வேதப்பாடத்தைப் பிசகில்லாமல் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எழுதுங்கள் அக்கா, தங்கச்சிகளே. ஸ்தோத்திரத்தில் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, கலகத்தில் முடிக்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை. ஜூனில் தொடங்கி ஏப்ரல்வரை நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பாய்க்காரியிடமும் கேட்டிருக்கிறேன். ‘ஞாயித்துக்கெழம லீவு கெடச்சா பாக்கலாம்’ என்று சொல்லியிருக்கிறாள்.